துரு நீக்கப்பட்டது

களை ஒழிப்பு இயக்ககத்தில் களை வளர்ப்பது தண்ணிக்காரரின் வேலை. இதைக் கேட்டு ஊரே சிரிக்கும். அவர் மட்டும் சிரித்ததில்லை. ஒன்பது தொட்டிக் களைக்கு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் விடுகிறவருக்குச் சிரிக்க நேரம் ஏது?

முதலில் அந்தப் பட்டப்பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நியமன உத்தரவில் அவர் பதவி ‘நீர் ஊற்றுநர், கண்ணாடிக்கூடம்’. அவ்வளவையும் வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமையில்லாமல் தண்ணிக்காரர் என்று சுருக்கிவிட்டார்கள். மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் மாற்றலாகி வருகிற ஒவ்வோர் அதிகாரியும் அவர் பக்கத்தில் வந்து மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அவர் வளர்த்த களைக்கு இயக்ககம் வைத்த பெயர் ‘அயல்வரவுக் கொடி, வரிசை எண் ஏழு’. ஊர் வைத்த பெயர் விருந்தாளி. எங்கிருந்தோ வந்தது, போகிற எண்ணமே இல்லை, கடைசியில் வீட்டுக்காரர் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால், சாலையோர மண் சரியாமல் இருக்கட்டும் என்று இதைக் கடல் கடந்து வரவழைத்து நட்டதும் இதே இயக்ககம்தான். அப்போது இதற்குப் பசுமைப் போர்வை இயக்ககம் என்று பெயர். நட்டவர்களின் படங்கள் இன்றும் மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. பெயர்ப்பலகையை மாற்றியவர்களுக்குப் படங்களைக் கழற்ற உத்தரவு வரவில்லை.

தண்ணிக்காரரின் அக்காவுக்கு ஊர் எல்லையில் கொஞ்சம் நிலம். வெங்காயமும் மிளகாயும் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த நிலத்தை விட்டால் வேறு நாதியில்லை. இரண்டு வருஷமாக அது விருந்தாளியின் கையில் இருக்கிறது. கையால் பிடுங்கினால் பால் பட்டுத் தோல் வெந்துபோகும். வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விடும்.

“நேத்து வேலியில இருந்துச்சுடா. இன்னைக்குக் கூரையில ஏறி நிக்குது” என்று அக்கா போனில் சொன்னாள். “மண்வெட்டியைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு. அது ஒரு மூலையில துருப்பிடிச்சுக் கெடக்கு, நான் ஒரு மூலையில கெடக்கேன். கண்ணாடியில பாத்தா மொகத்துல களையே இல்ல. நெலம் பூரா களை, மொகத்துல மட்டும் இல்ல. அடுத்த மழைக்கும் விதைக்க முடியலைன்னா நெலத்தை அப்படியே போட்டுட்டு மக வீட்டு மாடியில போய் உக்காந்துக்க வேண்டியதுதான்.”

மகள் வீட்டு மாடியில் அக்கா உட்கார்ந்திருப்பதைத் தண்ணிக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உட்காரத் தெரியாத ஜென்மம் அவள்.

“ஒரு வழி பண்ணிட்டிருக்கோம்க்கா. கொஞ்சம் பொறு.”

“உங்க ஆபீஸா? பண்ணிட்டாலும்” என்று வைத்துவிட்டாள்.

உண்மையிலேயே ஒரு வழி இருந்தது. டாக்டரம்மா கொண்டுவந்தது. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பூஞ்சையைப் படித்து டாக்டரானவர். விருந்தாளியின் சொந்த மண்ணிலிருந்து, அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் ஒரு நோயை முறைப்படி தருவித்திருந்தார்.

“இதுக்குப் பேரு துரு” என்று முதல் நாளே அவரிடம் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பழுப்பாகப் பொடி. “இரும்புல பிடிக்கிறது இல்ல, இது பூஞ்சை. பாக்க அப்படியே இருக்குறதால அந்தப் பேரு.”

“மத்த பயிரைத் தின்னுறாதா மேடம்?”

“பட்டினியில செத்தாலும் சாகும், வேற செடியைத் தொடாது. இங்க கொண்டுவர்றதுக்கு முன்னாடியே மூணு வருஷமா அம்பத்தெட்டு செடியில வச்சுப் பாத்துட்டேன். ஆனா ஒண்ணு. உயிரோட இருக்குற கொடியிலதான் இதுவும் உயிரோட இருக்கும். கொடி போனா இதுவும் போச்சு. அதனால நீங்க கொடியை நல்லாப் பாத்துக்கணும். அப்புறம், இலையில ஈரம் இருந்தாதான் பரவும். மழை முடியுறதுக்குள்ள வெளியில விடணும்.”

இங்கேதான் முதல் சிக்கல். களை ஒழிப்பு இயக்ககத்தில் களையை வளர்க்கக் கூடாது என்று தணிக்கைப் பிரிவு ஆட்சேபம் எழுப்பியது. நான்கு மாதம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘மேற்படிக் களையை ஒழிப்பது தாற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது. ஒத்திவைப்புக் காலத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றலாம்’ என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கண்ணாடிக்கூடத்தின் கதவில் ஒட்டிவிட்டுத் தண்ணிக்காரர் ஊற்ற ஆரம்பித்தார்.

மழைக்காலம் பிறந்தது. டாக்டரம்மா ‘துரு வெளியிடுதல் – அனுமதி கோருதல்’ என்று தலைப்பிட்டுக் கோப்பை மேலே அனுப்பினார். அது தபால் பிரிவு அம்மாவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அம்மா எந்தக் கோப்பையும் படிப்பதில்லை; தலைப்பின் முதல் சொல்லைப் பார்த்து, அகரவரிசைப் பதிவேட்டில் எந்தப் பிரிவு என்று தேடி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோப்புகூடத் தவறிப் போனதில்லை என்று அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு. பதிவேட்டில் ‘து’ வரிசையில் துடைப்பம், துணி, துரு. துருவுக்கு நேரே ‘இயந்திரப் பராமரிப்புப் பிரிவு’ என்று இருந்தது.

பத்தாம் நாள் அந்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர் கண்ணாடிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒருவர் கையில் துருநீக்கி எண்ணெய் டின், மற்றவர் கையில் உப்புத்தாள். இயக்ககத்தில் அவர்களுடைய பெயரும் எண்ணெய், உப்புத்தாள்தான்.

“துரு எங்க இருக்கு?” என்றார் எண்ணெய்.

“இலையில” என்றார் தண்ணிக்காரர், ஒன்றும் புரியாமல்.

எண்ணெய் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். பழுப்புப் பொடி ஒட்டியது. “ஆமா, துருதான்” என்று திருப்திப்பட்டு டின்னைத் திறந்தார். தண்ணிக்காரர் குறுக்கே விழுந்து தடுப்பதற்குள் ஒரு தொட்டியின் நாலு இலையை எண்ணெய்த்துணி போட்டுத் துடைத்தாகிவிட்டது. உப்புத்தாள் ஐந்தாவது இலையைத் தேய்த்துப் பார்த்தார். அது கிழிந்து கையோடு வந்தது.

“ரொம்ப மெல்லிசான தகடு” என்றார் அவர்.

மறுநாள் அந்தப் பிரிவின் ஃபோர்மேன் கோப்பில் எழுதினார்: ‘துரு நீக்கப்பட்டது. வண்டி எண் தெரிவிக்கப்படவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.’

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து, புதிதாக ஒரு கோப்பை எழுதித் தன் கையாலேயே இயக்குநர் அறைக்குக் கொண்டுபோனார். அதற்குள் மழையில் பதினெட்டு நாள் போயிருந்தது. தண்ணிக்காரர் நாள்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு, கூடத்துக்குள் மேலும் கீழும் நடந்தார். ஊற்றிய தொட்டிக்கே மறுபடி ஊற்றினார்.

இயக்குநர் கோப்பைப் படித்ததும் ஓர் ஐயம் எழுப்பினார்.

“அம்பத்தெட்டு செடியில சோதனை பண்ணியிருக்கீங்க. சரி. என் மேஜை மேல ஒரு செடி இருக்கே, அது பட்டியல்ல இல்லையே.”

“சார், அது பிளாஸ்டிக்.”

“அதனாலதான் கேக்குறேன். பிளாஸ்டிக்கை அது என்ன பண்ணும்னு யாருக்கும்மா தெரியும்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

பிளாஸ்டிக் செடி கண்ணாடிக்கூடத்துக்கு வந்தது. விதிப்படி அதற்கும் மூன்று வேளை தண்ணீர். இருபத்தோரு நாள் கழித்து டாக்டரம்மா அறிக்கை கொடுத்தார்: ‘நோய் அறிகுறி இல்லை. வளர்ச்சியும் இல்லை.’

இயக்குநர் தண்ணிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். “வளர்ச்சி இல்லைன்னு போட்டிருக்கே. ஒழுங்கா ஊத்தினீங்களா?” என்று கேட்டுவிட்டு, மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் ஆலோசனைக் கூட்டம். தண்ணிக்காரரும் இருந்தார், மேஜைகளில் குடிக்கத் தண்ணீர் வைக்க ஆள் வேண்டுமே. இயக்குநர் எழுந்தார். எழுதி வைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மனதில் உள்ளது அப்படியே வந்துவிடும்.

“நண்பர்களே, இந்தக் கொடி ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. முப்பது ஆண்டுகளாக அதை ஒழித்து வருகிறோம். ஒழித்துக்கொண்டே இருக்கிறோம். அந்தத் தொடர்ச்சிதான் நம் பலம். இப்போது ஒரு பூஞ்சை வருகிறது. பயணப்படி கேட்காதாம். விடுப்பு எடுக்காதாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யுமாம். இப்படிப்பட்ட ஒன்றை ஓர் அலுவலகத்துக்குள் விட்டால் மற்ற ஊழியர்களின் மனநிலை என்னவாகும்? சரி, அது வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கொடி முழுக்க ஒழிந்துவிடுகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு நாமெல்லாம் எங்கே போய் உட்காருவது? இதற்கு அறிவியலில் பதில் உண்டா?”

கைத்தட்டல் எழுந்தது. டாக்டரம்மா எழுந்து நின்றார். “சார், மழை முடிய இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு” என்றார்.

“மழை அடுத்த வருஷமும் வரும்மா” என்றார் இயக்குநர், மிகவும் கனிவாக.

அந்த வாரமே டாக்டரம்மாவை மீன்குஞ்சு வளர்ப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பூஞ்சையும் ஈரத்தில் வளர்கிறது, மீனும் ஈரத்தில் வளர்கிறது, ஆகவே அவருடைய அனுபவம் அங்கே பயன்படும் என்று உத்தரவில் காரணமும் போட்டிருந்தது. போகும்போது அவர் தண்ணிக்காரரிடம் ஒன்று மட்டும் சொன்னார்.

“எழுத்துல அனுமதி வராம ஒரு இலைகூட வெளியில போகக் கூடாது. நீங்க நல்ல மனசுல ஏதாவது பண்ணிட்டாலும் தப்பு தப்புதான். ஆனா அனுமதி வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க.”

அவர் போன மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கை. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் ‘களையற்ற வளாகம்’ ஆக்க வேண்டும். வளாகத்தில் எங்கே களை இருந்தாலும் பிடுங்கி எரிக்க வேண்டும். தண்ணிக்காரர் கதவில் ஒட்டியிருந்த பழைய உத்தரவைப் பிய்த்து எடுத்துக்கொண்டு இயக்குநரின் உதவியாளரிடம் ஓடினார்.

“விலக்கு வேணும்னா விஞ்ஞானி எழுதிக் கொடுக்கணும்” என்றார் உதவியாளர்.

“விஞ்ஞானியைத்தான் மீனுக்கு அனுப்பிட்டீங்களே சார்.”

“அப்ப காலியிடம் நிரம்பட்டும். அதுக்கப்புறம் எழுதச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை மத்தியானம் தோட்டக்காரர்கள் வாசல் பக்கத்துப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடிக்கூடம் கடைசி வரிசையில் இருந்தது. தண்ணிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வளாகத்தைச் சுற்றினார். மூன்று வருஷத்து உழைப்பும், அக்காவின் நிலமும், எல்லாம் நாளைக்கு ஒரு குப்பைத் தீயில் போகப் போகிறது. அவருக்கு அழுகை வந்தது. அழுகையோடு இயந்திரப் பராமரிப்புப் பிரிவின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றார். அங்கே அதே பார்வையிடலுக்காக இன்னொரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: ‘துருப்பிடித்த பொருள் எதுவாயினும் வெள்ளிக்கிழமைக்குள் வளாகத்தை விட்டு வெளியேற்றப்பட வேண்டும்.’

அவர் அதை இரண்டு தரம் படித்தார். வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போனார்.

“சார், கண்ணாடிக்கூடத்துல துருப்பிடிச்சது ஒன்பது இருக்கு” என்றார் ஃபோர்மேனிடம்.

“போன தடவையே நீக்கியாச்சே?”

“மறுபடி பிடிச்சிருச்சு சார்.”

“பிடிக்கும். மழைக்காலமாச்சே. என்ன பொருள்?”

“தொட்டி சார்.”

“தொட்டின்னா தகரம்” என்று ஃபோர்மேன் தானே எழுதிக்கொண்டார். “எங்க கொண்டுபோய்ப் போடப் போறீங்க?”

“எங்க அக்கா நெலத்துல சார். அங்க எடம் இருக்கு.”

“தாராளமா.” முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியேற்று அனுமதிச் சீட்டில் இப்படி இருந்தது: ‘துருப்பிடித்த தொட்டி – ஒன்பது. ஊர் எல்லை நிலத்தில் விட அனுமதிக்கப்படுகிறது. திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை.’

மழை தொடங்கியதிலிருந்து டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான். தண்ணிக்காரர் மீன் பிரிவுக்குப் போன் போட்டுச் சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினார். மீன்தொட்டியின் சத்தத்துக்கு நடுவே டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

“கையெழுத்து இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“முத்திரை?”

“ரெண்டு இருக்கு.”

“இயக்ககத்தோட முத்திரைதானே?”

“ஆமா மேடம். பறவைப் படம் போட்டது.”

“அப்ப இயக்ககம் அனுமதி கொடுத்திடுச்சு” என்றார் டாக்டரம்மா. “சோதனை எல்லாம் முடிஞ்சதுதான், பயமில்ல. கொடிக்கு நடுவுல தொட்டியை வச்சிருங்க. தூறல் விழும்போது வைங்க. போங்க, நிக்காதீங்க.”

வாசல் காவலாளி சீட்டைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார். “துரு எங்கப்பா இருக்கு?” என்றார். தண்ணிக்காரர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். காவலாளி விரலால் தடவினார்.

“அட, நல்லாவே பிடிச்சிருக்கு. கொண்டுபோ.”

மழையின் கடைசிப் பத்து நாளும் விடாமல் தூறியது. முதலில் அக்காவின் வேலியோரத்து இலைகளில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. பிறகு பழுப்பு. பிறகு தண்டு கோணிக்கொண்டது. தண்ணிக்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், வெங்காயமும் மிளகாயும் போட்டிருக்கிற பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பில் குனிந்து குனிந்து பார்த்தார். அங்கே ஒரு புள்ளி கிடையாது. அடுத்த மழைக்கு முன்னால் கூரையிலிருந்து விருந்தாளி காய்ந்த கயிறாகச் சரிந்து விழுந்தது. அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கெடுப்புக்குப் போனவர்கள் ஊர் எல்லையில் வரிசை எண் ஏழைக் காணவில்லை என்று அறிக்கை கொடுத்தபோதுதான் இயக்ககம் விழித்தது. இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“நம் கண்ணெதிரே நம் களை செத்துக்கொண்டிருக்கிறது” என்றார். அவர் கண் கலங்கியதைத் தண்ணிக்காரர் பார்த்தார். “நம் அனுமதியின்றி ஒரு நோய் நம் பணியைச் செய்துகொண்டிருக்கிறது. உடனே மருந்தடித்துத் துருவை ஒழித்துக் கொடியைக் காப்பாற்ற வேண்டும். ஒழிப்பதற்கு முதலில் அது உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?”

‘துரு ஒழிப்பு – மிக அவசரம்’ என்று சிவப்பு நாடா கட்டி அப்போதே கோப்பு கிளம்பியது. தண்ணிக்காரர் வாளியோடு அதன் பின்னாலேயே போனார். தபால் பிரிவு அம்மா கோப்பை வாங்கினார். சிவப்பு நாடாவைக் கண்டு அவருக்கே ஒரு தயக்கம்.

“ஏங்க, இது எங்க போகணும்?”

தண்ணிக்காரர் வாளியைக் கீழே வைத்தார். “எப்பவும் எங்க போகுமோ அங்கதான்மா.”

அந்த அம்மா பதிவேட்டைத் திறந்து ‘து’ வரிசையில் விரலை வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் நிலத்துக்கு எண்ணெயும் உப்புத்தாளும் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டத் தண்ணிக்காரரை அனுப்பியிருந்தார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மிக அவசரம் என்பதால் இரண்டு டின்.

“துரு எங்க இருக்கு?” என்றார் எண்ணெய்.

அக்கா கொட்டகைக்குள் போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நாள் கழித்து ஒரு நேர்மையான துருவைப் பார்த்ததில் அவர் முகம் மலர்ந்தது. இருவரும் வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்த்தார்கள். நன்றாகவே தேய்த்தார்கள், வேலை தெரியாதவர்கள் அல்ல, வேலைதான் அவர்களைத் தேடி வரவில்லை. கழுவித் துடைத்துக் கொடுத்தபோது மண்வெட்டி பளபளத்தது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தின் நடுவில் போய் நின்றாள். ஓங்கி ஒரு வெட்டு. ஈர மண் கட்டியாகப் புரண்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வெட்டு. அடுத்தது. அதற்கடுத்தது. நெற்றியில் வழிந்தது மழையா வியர்வையா என்று தெரியவில்லை.

உப்புத்தாள் ஒரு படிவத்தை நீட்டினார். “எனக்கு எழுத்து சரியா வராது. இயக்குநர் ரெண்டே கேள்விதான் கேட்டிருக்கார். நீங்களே பூர்த்தி பண்ணிடுங்க.”

முதல் கேள்வி, துரு நீக்கப்பட்டதா? தண்ணிக்காரர் ‘ஆம்’ என்று எழுதினார். இரண்டாவது, நிலத்தில் தற்போது களை உள்ளதா?

அவர் பேனாவை நிறுத்தினார். பொய் எழுதிப் பழக்கமில்லை. நிமிர்ந்து நிலத்தைப் பார்த்தார். அக்கா மண்வெட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ‘உள்ளது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.